ஊர்ப் பந்து

ஊருக்கு வெளியே இருக்கும் அந்தக் குளத்தில் மாசி பிறக்கும்போதே தண்ணீர் நடுவே ஒதுங்கிவிடுகிறது. கரையோரத்து வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, கால்கள் மிதித்து மிதித்து, பங்குனி பிறக்கும்போது மாவு போலாகிவிடும். கீரனூர்ப் பையன்களுக்கு அதுதான் கிரவுண்டு. மழைக்காலம் வந்தால் திரும்பக் குளமாகிவிடும் என்பதால் வருடத்தில் சில மாதங்கள்தான் அந்த நிலம் பந்துக்குக் கிடைக்கும்.

நான் போய் நின்ற காலையில் பதினைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் காலில் பூட்ஸ், மற்றவர்கள் வெறுங்கால். இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, மேலே மூங்கிலைக் கம்பியால் இறுக்கிக் கட்டியதுதான் கோல் கம்பம். கிழக்குக் கோலுக்கு மட்டும் வலை உண்டு. குளத்து மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் கழித்துப்போட்ட பழைய மீன்வலை அது. நூல் தளர்ந்து போனதால் பந்து உள்ளே போனதும் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறது. கோலி உருவி எடுக்கச் சற்று நேரமாகும். கோல் போட்டவன் ஓடிக் கொண்டாடி முடிப்பது அதற்குள்தான்.

அடுத்த வாரம் டோர்னமெண்ட். எழுவர் ஆட்டம், பதினாறு அணி. முதல் பரிசு சுழற்கோப்பையும் ஒரு வெள்ளாட்டுக் கிடாயும். கிடாய் அப்போதே வந்துவிட்டிருந்தது. வேலிமுள்ளின் நிழலில் கட்டிப்போட்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு நடுவே ஒரு பொடியன் போய் அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தான்.

என்னோடு வந்திருந்தவர் இந்த ஊர்க்காரர், என் பள்ளித் தோழர். கீரனூர் ஜாகிர்ராஜாவின் 'மீன்காரத் தெரு' நாவலைப் படித்தவர்கள் இவர் வளர்ந்த தெருக்களின் வாசனையை ஓரளவு அறிவார்கள். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். எங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் காலத்திலிருந்து வரும் முறை அது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பொத்தான், ஜிப் சப்ளை செய்கிறார். சரக்குப் பார்க்கக் குவாங்சோவின் கான்டன் சந்தைக்குப் பல வருடம் போய்வந்தவர். எனக்குத் தெரிந்து, சீன லீக் மேட்ச் ஒன்றைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்த ஒரே கீரனூர்க்காரர். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே ரொம்ப நாளாக இருந்தது. அதற்காகக் கிளம்பினோம்.

ஊரைத் தாண்டிச் சாலையேறியதும் தீர்த்தக் காவடிகள் எதிர்ப்பட்டன. பங்குனி உத்திரத்துக்குக் கொங்குநாட்டு மக்கள் கொடுமுடியில் காவிரித் தண்ணீரைச் செம்பில் முகந்து, தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடந்தே கொண்டுவருகிறார்கள். வெயில் ஏறும் முன் நடையை முடித்துவிடப் பார்ப்பார்கள். புளியமரத்து நிழலில் ஒரு கூட்டம் இளைப்பாறிக்கொண்டிருந்தது. காவடிகள் கீழே படாமல் மரச்சட்டத்தில் தொங்கின. செம்பின் வாயில் துணி கட்டி, அதன்மேல் அரக்கு வைத்திருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒருவர் குழுவின் கணக்கு நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அரிசி இன்னார், மோர் இன்னார், வண்டி வாடகை இன்னார்.

அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு மண்டகப்படி ஞாபகம் வந்தது. தென்மாவட்டத்துத் திருவிழாக்களில் பத்து நாளும் ஒரே ஆள் செலவு செய்வதில்லை. முதல் நாள் ஒரு தெருவார், இரண்டாம் நாள் ஒரு வியாபாரச் சங்கம், மூன்றாம் நாள் இன்னொரு சமூகம் என்று பங்கு பிரித்திருப்பார்கள். ஒரு வருடம் ஒரு தரப்பார் நொடித்துப்போனால் அவர்கள் நாளில் வாணவேடிக்கை குறையும், அவ்வளவுதான். சாமி புறப்பாடு நிற்காது. யார் பெரிய பங்கு, யாருக்கு முதல் மரியாதை என்று சண்டை வந்து கோர்ட்டுக்குப் போன ஊர்கள் உண்டு. மண்டகப்படியில் இடமே கொடுக்காமல் சிலரை ஒதுக்கி வைத்த அநியாயமும் நடந்திருக்கிறது, அதை மறைத்து இந்த ஏற்பாட்டைப் புகழ நான் தயாரில்லை. ஆனாலும் செலவைப் பலர் தோளில் ஏற்றியதால்தான் நூற்றுக்கணக்கான வருடங்களாக அந்தத் தேர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அன்று நாள் முழுக்க நாங்கள் பேசியதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்தது.

பழனி தாண்டி உடுமலை போகும் வழியில் தெற்கே மலை கூடவே வருகிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று இந்த நிலத்தைத் தொடும் மாதங்களில் காற்றாலைகள் இரவு பகலாகச் சுற்றும். அன்று பாதி நின்றிருந்தன. மச்சான் குவாங்சோ கதையை அந்தச் சாலையில்தான் முழுதாகச் சொன்னார்.

2015-ல் அவர் போனபோது அங்கே குவாங்சோ எவர்கிராண்ட் அணி உச்சத்தில் இருந்தது. தொழில்முறைக் கால்பந்து சீனாவில் 1994-ல் தொடங்கியது. இப்போதைய சூப்பர் லீக் 2004-ல் வந்தது. குவாங்சோ அணி 1954-லிருந்தே இருக்கிறது. 2010-ல் எவர்கிராண்ட் என்ற கட்டுமான நிறுவனம் அதை வாங்கியது. அப்போது அணி இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. 2011-ல் மேலே வந்த முதல் வருடமே சூப்பர் லீக் பட்டம். அங்கிருந்து 2017 வரை தொடர்ந்து ஏழு வருடம் அவர்களே சாம்பியன், 2019-ல் எட்டாவது. இத்தாலிக்கு 2006-ல் உலகக் கோப்பை வாங்கித் தந்த மார்செல்லோ லிப்பியைப் பயிற்சியாளராக வைத்து 2013-ல் ஆசிய சாம்பியன்ஸ் லீகை வென்றார்கள். 2015-ல் அதையே மறுபடி வென்றார்கள்.

"தியான்ஹே ஸ்டேடியம் மாப்ள. ஊரே சிவப்பா வருது. எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர், பேத்தியத் தோள்ல வச்சுக்கிட்டு. மொழி புரியல. கோல் விழுந்ததும் என் கையப் புடிச்சுக் குலுக்கு குலுக்குனு குலுக்கிட்டாரு. நானும் ஏதோ நம்ம ஊரு டீம் மாதிரி கத்துனேன். சந்தைக்கு வந்த எடத்துல அழுகை வந்துருச்சு."

அந்தப் பெரியவர் இப்போது என்ன செய்வார் என்று அவருக்கு அடிக்கடி தோன்றுமாம். எவர்கிராண்ட் கடனில் மூழ்கியது. தாமரை வடிவத்தில் 1,00,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் ஒன்றை 2020-ல் கட்டத் தொடங்கினார்கள். அது எவர்கிராண்டின் ஸ்டேடியமாக முடியவே இல்லை. அணி 2022-ல் கீழ்நிலைக்கு இறங்கியது. 2025 ஜனவரியில், பழைய கடனை அடைக்கப் பணம் போதாமல் லீகில் ஆடும் உரிமமே கிடைக்கவில்லை. ஆசியாவை இரண்டு தடவை வென்ற அணி அத்தோடு முடிந்தது. 1954-லிருந்து வந்த அணி, ஒரு முதலாளியின் பதினைந்து வருடக் கணக்கில் கரைந்துவிட்டது.

பொள்ளாச்சியில் இளநீர் குடிக்க நின்றோம். இந்த ஊரில் தென்னையையும் சந்தையையும் போலக் கேரளத்தின் செவன்ஸ் ஆட்டமும் பேச்சில் கலந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலபாரில் அறுப்பு முடிந்த வயலில் கேலரி கட்டி, விளக்குப் போட்டு எழுவர் ஆட்டம் நடத்துவார்கள். ஆப்பிரிக்க ஆட்டக்காரர்கள்கூட அந்தச் சீசனுக்கென்றே வந்து ஆடுகிறார்கள். இளநீர்க்காரர் தன் இளவயதில் பாலக்காட்டுப் பக்கம் போய் ஆடியிருக்கிறார். முட்டியில் தையல் தழும்பைக் காட்டினார். "ஒரு மேட்சுக்கு இருநூறு ரூபா தருவாங்க. பஸ்சுக்கும் பரோட்டாவுக்கும் போக மிச்சம் அம்மாகிட்ட" என்றார்.

அந்த இருநூறு ரூபாய் லேசான விஷயமில்லை. பந்து ஆடுகிறவனுக்கும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு நெடுங்காலம் ஒரு வழி இருந்தது, அலுவலக அணிகள். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று சென்னை லீகில் ஆடிய அணிகள் ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்தன. கால் ஓய்ந்த பிறகும் மேசையும் சம்பளமும் இருந்தன. இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீகிலேயே ஆடியது. சபீர் பாஷா அந்த அணிக்கு ஆடியவர். தொழில்முறை கிளப்புகள் வந்த பிறகு அந்தக் கதவு குறுகிவிட்டது. இப்போது ஒப்பந்தம், பருவம், ஏஜெண்ட். சம்பளம் பெரிது. அணியே இல்லாமல் போனால் கேட்பதற்கு ஆளில்லை.

கோயம்புத்தூரில் நேரு ஸ்டேடியம் வ.உ.சி. பூங்காவை ஒட்டி இருக்கிறது. அருகிலேயே மத்திய சிறை. அந்தச் சிறையில்தான் வ.உ.சி. செக்கிழுத்தார். சொந்தமாகக் கப்பல் கம்பெனி நடத்தப் பங்கு பங்காகப் பணம் திரட்டிய மனிதர் அவர். தூத்துக்குடிச் சுதேசிக் கப்பல் கம்பெனியின் பங்குகளை ஊர் ஊராகப் போய் விற்றார். பந்தைப் பார்க்கப் போன இடத்தில் அவர் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

கேட்டுக்குள் போனோம். ஓட்டப்பாதையில் நாலைந்து பேர் நடைப்பயிற்சி முடித்துக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கேலரியில் ஏறி, பழைய இடம் என்று நினைத்த இடத்தில் உட்கார்ந்தோம். சிமெண்ட் படி சுட்டது. 2019 மார்ச் 9 அன்று இங்கே நிற்கக்கூட இடமில்லாமல் இருந்தோம்.

அன்று இந்தியாவின் ஐ-லீக் பருவத்தின் கடைசி நாள். எங்கள் அணியின் பெயர் சென்னை சிட்டி, வீடு இந்தக் கோயம்புத்தூர் மைதானம். எதிரே மினர்வா பஞ்சாப். சென்னை சிட்டி டிரா செய்தாலே கோப்பை கைமாறும் நிலை, ஏனென்றால் ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்த ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டது. அந்த மௌனம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பாதி ஆட்டம் வரை கூட்டம் கத்தவும் இல்லை, கலையவும் இல்லை. இரண்டாம் பாதியில் பெனால்டி. பெத்ரோ மன்சி அடித்தார். அந்தப் பருவத்தில் அவருக்கு 21-வது கோல். பிறகு கார்னர்களுக்கும் ஃப்ரீ கிக்குகளுக்கும் மேலே ஏறி ஏறி வந்துகொண்டிருந்த தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார், இரண்டாவது காயநேரத்தில். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று வென்றிருந்தது. கடைசிக் கணக்கு சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42.

சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பந்தைத் தரையோடு தரையாக வைத்து ஆடப் பழக்கியிருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்தவர்களோடு எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், பிரவீத்தோ ராஜு என்று நம் பிள்ளைகளும் அணியில் இருந்தார்கள். அதற்கு முந்தின பருவத்தில் இதே அணிக்கு ஆடியவர் மைக்கேல் சூசைராஜ். குமரி மாவட்டத்தில் இரவிபுத்தன்துறை என்ற மீனவக் கிராமத்துப் பையன். இங்கே ஆடிய ஆட்டம்தான் அவரை ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கொல்கத்தாவுக்கும் கொண்டுபோனது. கடற்கரை மணலில் பந்து பழகியவனுக்குத் தொழில்முறை கிளப் திறந்துவிடும் கதவு எவ்வளவு பெரியது என்பதற்கு இவர்களைத்தான் சொல்வேன். ஆகவே கிளப்பே வேண்டாம், கிராமத்து ஆட்டம் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பட்டம் வென்ற அதே வருடம் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் இந்த அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அந்தச் செய்தியை நான் நம்பிக்கையோடு வெட்டி வைத்தேன். அடுத்த மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு ஒரு ஆட்டம் நடந்தது. கொரோனா வந்து போட்டியே ரத்தானது. மன்சி அதற்குள் ஜப்பான் போய்விட்டிருந்தார். 2020-21 லீக் முழுக்கக் கொல்கத்தா பக்கம் வெறும் கேலரி முன் நடந்தது. அதற்கடுத்த பருவத்தில் சென்னை சிட்டி லீகிலேயே இல்லை. சாம்பியனாகி மூன்று வருடம் முடிவதற்குள் இத்தனையும்.

சீனாவில் இதைவிட வேகமாக ஒன்று நடந்தது. ஜியாங்சு மாகாணத்தின் ஜியாங்சு சுனிங் அணி, 2020 நவம்பர் 12 அன்று இதே குவாங்சோவை 2-1 என்று வீழ்த்தி முதல் தடவையாகச் சூப்பர் லீக் பட்டம் வாங்கியது. ஒரு பிரேசில்காரருக்கு மட்டும் 5 கோடி யூரோ கொடுத்த அணி. 2021 பிப்ரவரி 28 அன்று செயல்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சுனிங் என்ற சில்லறை வணிக நிறுவனத்துக்குக் கையிருப்பு இல்லை, அணியை வாங்க ஆள் கிடைக்கவில்லை. நாளை எண்ணிப் பார்த்தேன், பட்டம் வாங்கி 108-வது நாள். அதற்குச் சற்று முன்புதான் அணிப் பெயரில் நிறுவனப் பெயர் இருக்கக் கூடாது என்று சீனக் கால்பந்து சங்கம் விதி கொண்டுவந்தது. பெயர்ப் பலகையை மாற்றிவிடலாம். பெட்டிச் சாவி ஒரே ஆளிடம் இருக்கும்வரை அதனால் என்ன ஆகும்?

மச்சான் பதில் பேசவில்லை. செல்போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டார். அவர் சரக்கு வாங்கும் சீன வியாபாரி அனுப்பியது. அதே ஜியாங்சு மாகாணம், 2025. பட்டம் வாங்கிய அணி செத்துப்போன இடத்தில், மாகாணத்தின் 13 நகரங்களும் தத்தம் ஊர்ப் பெயரில் ஆளுக்கொரு அணி இறக்கி மே மாதம் ஒரு லீக் தொடங்கின. பெரும்பாலும் மாணவர்கள், ஆசிரியர்கள், சாமான் டெலிவரி செய்பவர்கள், கடைக்காரர்கள். தொழில்முறை ஆட்டக்காரர் ஓர் அணிக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. நான்ஜிங் நகரத்து மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். நான்ஜிங்கின் உப்பு வாத்துக்கும் வூஷியின் பீச் பழத்துக்கும் சண்டை என்று இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் வம்பிழுத்தார்கள். நம் பக்கத்தில் பழனிப் பஞ்சாமிர்தமும் திண்டுக்கல் பூட்டும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் மோதினால் எப்படி இருக்கும் என்று மச்சான் அங்கேயே உட்கார்ந்து அணி பிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிறுமலை வாழைப்பழத்துக்கு ஒரு அணி வேண்டும் என்று நான் சேர்த்தேன்.

இதற்கு முன்னோடி 2023-ல் குய்சோ மாகாணத்தின் ரோங்ஜியாங் என்ற மலைவட்டத்தில் நடந்தது. சீனாவின் வறுமைப் பட்டியலில் கடைசிவரை இருந்த இடங்களில் ஒன்று அது. மியாவ், டோங் என்ற பழங்குடி மக்களின் கிராமங்கள் அந்த மே மாதம் இருபது அணிகளாகத் திரண்டு லீக் ஆடின. இடைவேளையில் கிராமத்துப் பெண்கள் வெள்ளி நகையோடு ஆடுகிறார்கள், பாட்டிகள் சோறு கொண்டுவந்து எதிரணிக்கும் ஊட்டுகிறார்கள். பரிசு மாடு, பன்றி. ஒரு மாடு ரிப்பன் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வரும் காட்சியை மச்சான் இரண்டு தடவை போட்டுக் காட்டினார்.

"நம்ம கிடா மாதிரிதான மாப்ள" என்றார். குரல் கம்மியிருந்தது. பெரிய பணத்தோடு நின்ற தியான்ஹே கேலரியும் கீரனூர்க் குளக்கரையும் அவருக்குள் அன்றைக்குத்தான் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

எனக்கு அங்கே ஒரு ஆசை தோன்றியது, அதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். ரோங்ஜியாங்கின் மாடு மட்டும் போதாது, சூசைராஜ்களுக்குச் சம்பளம் வேண்டும். எவர்கிராண்டின் காசு மட்டும் போதாது, அது போகும்போது அணியையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், அதனால் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் சந்தா கட்டி அணியைத் தங்களுடையதாக வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு அது புதுப் பாடமே இல்லை. நமக்கு மண்டகப்படி தெரியும், ஊர்வரி தெரியும். கோயம்புத்தூர் அணியில் உடுமலைக்கு ஒரு பங்கு, பழனிக்கு ஒரு பங்கு, கீரனூருக்கு நூறு ரூபாய்ப் பங்கு என்று இருந்திருந்தால், 2021-ல் அந்த அணி படுத்தபோது தூக்கிவிட நாலு ஊர் வந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

திரும்பும்போது தாராபுரம் வழியாக வந்தோம். இருட்டிவிட்டது. காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக விட்டு விட்டு எரிந்தன. காவடிக் கூட்டம் ஒன்று இரவு நடையைத் தொடங்கியிருந்தது, சலங்கைச் சத்தம் காரைக் கடந்து பின்னால் போனது.

குளக்கரையில் பையன்கள் இன்னும் போகவில்லை. நாலைந்து பேர் செல்போன் டார்ச் வெளிச்சத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து நிற்க, இன்னொருவன் மறுமுனையோடு வட்டம் சுற்றினான். அணித் தலைவன் வரி நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். முதல் பக்கத்தின் உச்சியில் இடது ஓரம் பிள்ளையார் சுழி, வலது ஓரம் 786. கீழே தெருவாரியாக வீடுகள். பெரும்பாலும் ஐம்பது ரூபாய், சில வீடுகள் நூறு, இட்லிக்கடை வீட்டில் "பைனல் அன்று இருபது பேருக்கு டிபன்". மச்சான் தன் பெயருக்கு எதிரே ஒரு தொகை எழுதினார். அவன் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேணாங்க மாமா. ஒரு வீட்டுக்கு ஐநூறுக்கு மேல வாங்கறதில்லன்னு பேசி வச்சிருக்கோம்" என்றான். மச்சான் அடித்து எழுதினார்.

அதற்குள் மீன்பாசிக் குத்தகைக்காரர் டிவிஎஸ் எக்செல்லில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு சாக்கு மூட்டை. அவிழ்த்ததும் பாசி வாடை வந்தது. மேற்குக் கோலுக்கென்று இன்னொரு பழைய வலை. அங்கங்கே அறுந்திருந்தது. மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்து நைலான் நூலை வாங்கி, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிய ஆரம்பித்தார். நான் டார்ச்சைப் பிடித்தேன்.

"இதுல கண்ணி கொஞ்சம் பெருசுங்க" என்றார் குத்தகைக்காரர். "பந்து சிக்காது. அடிச்சா அப்படியே திருப்பிக் குடுத்துரும்."